சளிக்காரனும் ராஜாத்தியும்

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

காலை 6.40. அலமாரியில் என்ஜின்கள் முப்பத்தொன்று.

எல்லாமே டீசல். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் என்ஜினுக்கு என் அலமாரியில் இடமில்லை. சத்தம் போடாத என்ஜினும் ஃபிரிட்ஜும் எனக்கு ஒன்றுதான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தால் ஈரோடு லோகோ ஷெட்டின் மதில் தெரியும். மதிலுக்கு மேலே என்ஜின்களின் தலையும் தோளும் தெரியும். வாசல் பக்கம் வந்து நிற்கிறவற்றின் ஒரு பக்கம் முழுசாகத் தெரியும். ஸ்கூல் விட்டு வந்ததும் அங்கேதான். நம்பர் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன், இது யார் என்று. ஒருத்தன் கிளம்பும்போது நாலு முறை இருமுவான். பிறகு கரும்புகையாகக் கக்குவான். அவனுக்கு நான் வைத்த பெயர் சளிக்காரன். இந்த முப்பத்தொன்றில் அவன் இல்லை. மனசில் இருக்கிற மாதிரி செய்ய முடியாதோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

இன்று கோயமுத்தூரில் மாடல் ரயில்காரர்கள் கூடுகிறோம். அம்மா தோசை சுடுகிறாள். "பொம்மை வண்டி பாக்கறதுக்கு நெசப் பஸ்ஸுல டிக்கெட் எடுத்துட்டுப் போறான் பாரு" என்று அப்பாவிடம் சொல்வது கேட்கிறது. அப்பாவுக்குக் கேட்டிருக்காது. லேத் பட்டறை வைத்திருப்பவருக்குக் காது பாதிதான்.

அதே நாள், மாலை

கோபத்தோடு எழுதுகிறேன். அல்லது கோபம் மாதிரி ஏதோ.

ஹாலில் ஒருத்தி ஓர் என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தாள். நீலமும் கிரீமும். ஆனால் என்ன நீலம்! கண் கூசியது.

"என்ன பெயின்ட்டுங்க இது?"

"நெயில் பாலிஷ்."

"தெரியுது."

"தெரியணும்னுதானே அடிச்சேன்?"

அப்புறம்தான் பக்கவாட்டில் நம்பரைப் பார்த்தேன். "இது சளிக்காரன்!" என்று கத்தியேவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சளிக்காரன்? இவ பேரு ராஜாத்தி. எங்கம்மா வெச்ச பேரு. எங்கம்மா ஈரோடு ஷெட்டுல ஃபிட்டர். வருசக்கணக்கா இவளைப் பாத்துக்கிட்டவங்க."

"ஏனுங்க, அந்த வண்டி ஒருநாளும் இப்படிப் பளபளன்னு இருந்ததில்லீங்க. மூஞ்சி பூராப் புகை. இடுப்புல ஆயில் வழியும்."

"நீங்க எங்கிருந்து பாத்தீங்க?"

"எங்கூட்டு மாடியிலிருந்து."

"நான் உள்ள நின்னு பாத்தேன். ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தையெல்லாம் உள்ள விடுவாங்க. அன்னிக்கு இவ கல்யாணப் பொண்ணு மாதிரி நிப்பா."

"வருசத்துல ஒரு நாள் பாத்துட்டுப் பேசறீங்க. நான் மிச்ச நாளெல்லாம் பாத்தவன்."

அந்த நேரம் பார்த்து அவள் என்ஜின் ரெண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. "கண்ணு வெச்சுட்டீங்க" என்றாள். மோட்டார் விஷயம், கண் விஷயமல்ல என்று சொல்லி என் போன் நம்பரைக் கொடுத்தேன்.

பெயர் காந்திமதி. ஈரோட்டிலேயே ரயில்வே காலனி. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஷெட் மட்டும்தான்.

செப்டம்பர் 23

போன் வரவில்லை. நம்பர் கொடுத்தது மோட்டாருக்காக. அது நின்றால் எனக்கென்ன.

செப்டம்பர் 25, புதன்

மீட்டிங் நடுவே மெசேஜ். அவள் அம்மா இந்த அக்டோபர் கடைசியில் ஓய்வு பெறுகிறாராம். ஷெட்டில் இந்த ஆயுத பூஜைதான் அவருக்குக் கடைசி. அன்றைக்கு, பதினொன்றாம் தேதி, எல்லோர் முன்னாலும் ராஜாத்தியை அம்மா கையில் கொடுக்க வேண்டும். ஓடுகிற ராஜாத்தியை. சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தாள்.

நாலு முறை எழுதி நாலு முறை அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "முடியும்."

செப்டம்பர் 28, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரி. மைசூர்பாகு டப்பாவுக்குள் பஞ்சு வைத்து என்ஜினைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"பத்திரங்க. அம்மாவுக்குத் தெரியாமக் கொண்டாந்திருக்கேன்."

"நான் டிசைன் இன்ஜினியருங்க."

"அதனாலதான் பத்திரம்னு சொல்றேன். மோட்டார் மட்டும். மேல கை வெக்கக் கூடாது."

"மேல என்ன இருக்குது கை வெக்க? நெயில் பாலிஷ்."

"அதேதான். அதுமேல கை வெக்கக் கூடாது."

தேங்காய் பன் நன்றாக இருந்தது. அந்தப் பேக்கரியில் தேங்காய் பன் எப்போதும் சுமார். இன்று ஆள் மாற்றியிருப்பார்கள் போல.

செப்டம்பர் 29, ஞாயிறு

பிரித்தேன். மோட்டாரில் ஒன்றுமில்லை. அச்சில் ஒரு நீளத் தலைமுடி சுற்றி, சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. சாமணத்தால் உருவினேன். ஒரு சொட்டு எண்ணெய். வைத்ததும் வெண்ணெய் மாதிரி ஓடியது. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். "என்னங்க பிரச்சினை?"

"கியர்ல தேய்மானம் இருக்குதுங்க. பாக்கணும். நாளாகும்."

இது பொய்யல்ல. உலகத்தில் எல்லா கியரிலும் தேய்மானம் உண்டு.

அக்டோபர் 1, செவ்வாய்

தினமும் கூப்பிடுகிறாள். இன்று, "ராஜாத்தி எப்படி இருக்கா?" "அட்மிட்ல வெச்சிருக்கேன்." "பாக்க வரலாமா?" "பார்வையாளர் நேரம் முடிஞ்சுதுங்க." சிரித்தாள். கியரைப் பற்றிப் பேச ஒரு மணி நேரமானது. அதில் கியர் வந்தது தொடக்கத்தில் மட்டும்.

தரகர் மூன்று ஜாதகங்கள் கொண்டுவந்தார். அலமாரியைப் பழைய வேட்டியால் மூடிவிடச் சொல்கிறாள் அம்மா. "பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பாத்தா, மாப்பிள்ளைக்கு இன்னும் வெளையாட்டுப் புத்தி போகலன்னு திரும்பிப் போயிருவாங்க சாமி." போகட்டும் என்றேன். மூடவில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, லீவு. அவள் பெயரை வைத்து ஒரு ஜோக் தோன்றியது. அனுப்பவில்லை. நல்லவேளை.

என் மேஜையில் அந்த நீலம் நாள்பூரா உறுத்துகிறது. நம்பர் என் சளிக்காரனுடையது. தோல் மட்டும் யாருடையதோ. தவறு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது திருத்தாமல் விடுவது என் தொழிலுக்கு ஆகாது. கலர் சாக்பீஸைச் சுரண்டிப் பொடி செய்தேன். கறுப்பு, காவி, கொஞ்சம் மஞ்சள். முதலில் கூரையில் புகைபோக்கியைச் சுற்றி மட்டும். பார்த்துவிட்டு அவளே ஒத்துக்கொள்வாள்.

அக்டோபர் 5, சனி

முடிந்தது.

புகைபோக்கியிலிருந்து பின்னால் சாய்ந்து ஓடும் கரி. ரேடியேட்டர் வலைமேல் வெயில் காய்ந்த தூசி. சக்கரம் வழுக்காமலிருக்க மணல் வைக்கும் பெட்டியடியில் காவி. எல்லாவற்றுக்கும் மேலாக, வலது பக்கம் கீழே, டீசல் தொட்டிக்குப் பின்னால் ஒழுகும் எண்ணெய்க்கோடு. அதை மட்டும் கறுப்புப் பெயின்ட்டில் எண்ணெய் கலந்து, ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷில் இழுத்தேன். ஏழு வயதில் தொட்டிமேல் உட்கார்ந்து அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் பட்டால் அதில் வானவில் தெரியும்.

மேஜையில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அவன்தான். இருமுவான் என்று காத்திருந்தேன்.

அவள் மேலே கை வைக்கக் கூடாது என்றது ஞாபகம் இருக்கிறது. ஆனால் இதைப் பார்த்த பிறகும் அதையே சொல்ல மனுஷ ஜென்மத்தால் முடியாது.

அக்டோபர் 8

மேலே வார்னிஷ் அடித்தால்தான் பொடி நிற்கும். மழை ஈரம், காயாது. நாளை.

அக்டோபர் 9

நாளை.

அக்டோபர் 10, வியாழன்

முழுதாக எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் விட்டு வந்தேன். நாளை ஆயுத பூஜை. ஹாலில் பலகை போட்டு அம்மா எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். அப்பாவின் ஸ்பேனர்கள், வெர்னியர், தையல் மெஷின், மிக்ஸி, என் பழைய லேப்டாப். அவற்றுக்கு முன்வரிசையில் என் என்ஜின்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நடுவே, எல்லாவற்றையும் விடப் பளபளவென்று, நீலமும் கிரீமுமாக ஒன்று.

"அம்மா! இதை என்ன பண்ணுன?"

"கழுவுனேன். ஒரே அழுக்கு கண்ணு. மத்ததெல்லாம் தேச்சாலும் போகல. இது ஒண்ணுதான் சொன்ன பேச்சுக் கேட்டுச்சு. பாத்திரம் தேய்க்கற சோப்புல ரெண்டு தேய், அவ்வளவுதான். எப்படி மின்னுது பாரு!"

என்னுடையவற்றுக்கு வார்னிஷ் இருந்தது. இதற்கு இல்லை. நெயில் பாலிஷுக்கு அம்மாவின் சோப்பு ஒரு பொருட்டே இல்லை. என் நாலு நாள் வேலை மட்டும் சாக்கடையில் போய்விட்டது. தலைமேல் இருந்த ரெட்டை ஹார்னில் ஒன்றும் கூடவே போய்விட்டது.

"பூஜைக்கு இதையெல்லாம் எதுக்கு வெச்ச?"

"ஏன், மெஷினில்லையா? ஓடுதில்ல? ஓடறதெல்லாம் பூஜைக்கு உண்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டி. சாயங்காலம் வாங்கிக்கொள்ள வருவதாகக் காந்திமதி சொல்லியிருந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"வா கண்ணு, உள்ள வா. இந்த நீல வண்டி உன்றதா? பாரு, எப்படி இருந்ததை எப்படி ஆக்கீட்டேன். மேல ஒரு வெரக்கடை அழுக்கு!"

காந்திமதி என்ஜினைக் கையில் எடுத்தாள். குங்குமத்தைப் பார்த்தாள். "நான் குடுக்கறப்ப அழுக்கு இல்லீங்களே அத்தை."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். மழுப்ப எனக்கு வராது.

"நான்தான் அழுக்காக்குனேன்."

"என்னது?" இது அம்மா. "சுத்தமா இருந்ததை உக்காந்து அழுக்காக்குனியா? அதுக்குத்தான் ராத்திரி பகலாக் கதவைச் சாத்தி வெச்சிருந்தியா? ஏண்டா, உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வெச்சது இதுக்கா?"

"மோட்டார் மட்டும்னு சொல்லியிருந்தேன்" என்றாள் காந்திமதி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

"மோட்டார் ஓடுதுங்க."

"கியர் தேய்மானம்?"

"தேய்மானமில்லீங்க. அச்சுல முடி சுத்தியிருந்துது. உங்க முடி."

"எப்ப எடுத்தீங்க?"

"வாங்குன மறுநாளே."

கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. அத்தனை போன், அத்தனை அட்மிட், பார்வையாளர் நேரம். ஒரு நிமிஷம் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கூரையைத் தடவிப் பார்த்தாள். "ஒரு ஹார்ன் காணோம்" என்றாள். "நாளைக்கு அம்மா கையில குடுக்கணும்." டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்தாள். கிளம்பிவிட்டாள்.

அம்மா போட்ட காபி டேபிள்மேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"யாருடா அந்தப் புள்ளை?"

"கஸ்டமர்."

"கஸ்டமர் கோவிச்சுட்டுப் போனா, மூஞ்சி எதுக்கு இப்படித் தொங்குது?"

மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. நான் கெடுத்தது ஒரு பொம்மையை அல்ல. அவள் அம்மாவின் நாளை.

அக்டோபர் 11, வெள்ளி

வீட்டில் பூஜை. பொரி கடலை. அம்மா என் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள், நானும் ஒரு மெஷின் என்பது மாதிரி. ஓடாத மெஷின்.

பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன். பெண் குரல், திருநெல்வேலி வாடை.

"குகனா? நான் பேச்சியம்மா. காந்திமதியைப் பெத்த அம்மை. கெளம்பி ஷெட்டு வாசலுக்கு வாங்க. ஒங்களைப் பாக்கணும்."

"எதுக்குங்க?"

"வந்தாத்தான தெரியும்."

வாசலில் காந்திமதி நின்றாள். பட்டுப் புடவை. என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பின்னால் நான். இத்தனை வருஷம் அந்த மதிலுக்கு வெளியிலிருந்தே பார்த்தவன், முதல்முறையாக உள்ளே போகிறேன் என்பதுகூட நாலடி போன பிறகுதான் உறைத்தது.

வாழைக் கன்று, மாவிலை, மைக்கில் சாமி பாட்டு, ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள். நடுவே நிஜ டீசல் என்ஜின், மலை மாதிரி. சளிக்காரன் இல்லை, அவனை எப்போதோ கழித்து உடைத்துவிட்டார்கள். அவனுடைய தம்பி ஒருத்தன். பக்கத்தில் நீலச் சீருடையில் குள்ளமாக ஓர் அம்மா. கையில், காந்திமதி அதற்குள் கொடுத்துவிட்டிருந்த ராஜாத்தி, மல்லாக்க.

"இதை வரைஞ்சது நீங்களா?"

எட்டிப் பார்த்தேன். டீசல் தொட்டிக்குப் பின்னால், என் அம்மாவின் சோப்பு எட்டாத இடுக்கில், அந்த எண்ணெய்க்கோடு அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பெயின்ட், அது மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"நான்தாங்க. மன்னிச்சுக்குங்க. தொடைச்சுத் தர்றேன்."

"வலது பக்கம்னு எப்படித் தெரியும்?"

"எங்க மாடிக்கு அந்தப் பக்கந்தாங்க தெரியும்."

அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி கமலா, இங்க வா! இந்த ஒழுக்கை அடைக்க நான் என்ன பாடு பட்டேன்! வாஷரை மாத்து, போல்ட்டை முறுக்கு, ஃபோர்மன்கிட்ட ஏச்சு வாங்கு. மறுநா காலைல வந்து பாத்தா மறுபடி கோடு. சரி, வெளிய ஒருத்தருக்கும் தெரியாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இந்தப் பய மாடில உக்காந்து தினமும் ரசிச்சிருக்கான்! ரசிச்சதுமில்லாம, என் மானத்தைப் பொம்மைல எழுதிக் கொண்டாந்து எனக்கே குடுத்திருக்கான்!"

ஷெட்டே சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வழியுதுல்லா? அப்படித்தான் வழியும்" என்று கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தொட்டார். பிறகு என்ஜின் துடைக்கிற நூல் கழிவில் ஒரு கைப்பிடியை என்னிடம் நீட்டினார். "அழுக்குன்னா அம்புட்டு ஆசையா ஒமக்கு? இந்தா. பூசைக்கு முன்ன இந்தப் பக்கம் பூரா ஒம்ம கையாலதான் தொடைக்கணும். ஒரு கோடு தெரிஞ்சாலும் சுண்டல் கெடையாது."

துடைத்தேன். எண்பத்தேழு மடங்கு பெரியது. என் கை எட்டியது என்ஜினின் பக்கவாட்டு நடைபாதை உயரம் வரைதான். மேலே ஏற ஏணி கொடுத்தார்கள். புகைக்கரி கைநிறைய, புதுச் சட்டையில், மூக்கில். இரும்பு வெயிலில் சுட்டது. உள்ளே எங்கோ டொக் டொக்கென்று ஏதோ சொட்டியது. கன்னத்தை வைத்துக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கீழே காந்திமதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை நடக்குதா, தூக்கமா?" என்றாள். நேற்றிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஏணியிலிருந்து விழாமலிருந்தது என் அதிர்ஷ்டம்.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்தார்கள். பேச்சியம்மா பேட்டரி சுவிட்சைத் தட்ட, ஒரு மேஜைமேல் காந்திமதி பதித்திருந்த இரண்டடித் தண்டவாளத்தில், ஒற்றை ஹார்னோடு, என் அம்மா வைத்த குங்குமத்தோடு, ராஜாத்தி கிளம்பினாள். ஒரு குலுக்கல்கூட இல்லை. பேச்சியம்மா இந்தப் பக்கம் அனுப்புவார், அந்தப் பக்கம் வாங்குவார், மறுபடி அனுப்புவார். பெரிய அதிகாரி ஒருவர் பேசக் காத்திருந்தார். காத்திருக்கட்டும் என்று பேச்சியம்மா விட்டுவிட்டார்.

வெளியே வந்தபோது காந்திமதி என் கையில் ஓர் இனிப்பு டப்பாவைக் கொடுத்தாள். சுண்டல் என்று நினைத்துத் திறந்தேன். பஞ்சு. பஞ்சுக்குள் இன்னொரு டீசல், பச்சை நெயில் பாலிஷ்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"ரிப்பேர்."

அவளிடமிருந்த பேட்டரியை வைத்துப் பார்த்தேன். சக்கரம் ஜம்மென்று சுற்றியது. "ஓடுதுங்களே!"

"ஓடட்டும்" என்றாள். ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "எத்தனை நாளாகும்னு மட்டும் சொல்லுங்க. தினமும் கூப்பிடுவேன்."

அக்டோபர் 12, சனி

இனிச் செய்ய வேண்டியவை:

1. அப்பாவின் லேத்தில் பித்தளைக் கம்பியில் ராஜாத்திக்கு ஒரு ஹார்ன் கடைய வேண்டும். காந்திமதியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகு பொருத்த வேண்டும். கேட்காமல் இனி எதன்மேலும் கை வைப்பதில்லை.

2. தரகரிடம் போய் என் ஜாதகத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.

3. அம்மா காரணம் கேட்பாள். உண்மையைச் சொல்ல வேண்டும். எப்படியும் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

4. ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் தேங்காய் பன் ரெண்டு சொல்லிவைக்க வேண்டும்.

5. பச்சை என்ஜினை ரிப்பேர் செய்ய வேண்டும். பழுது எதுவும் இல்லாததால் நிறைய நாளாகும்.